துண்டு போட்ட இடம் யாருக்கு?

ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்தில் கூட்டமான நேரத்தில் போய் நின்று பாருங்கள். பஸ் சரியாக நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டு பறக்கும். துண்டு விழுந்த இடம் துண்டுக்காரருடையது. இதற்குச் சட்டம் எதுவும் கிடையாது. ஆனாலும் பெரும்பாலும் யாரும் மறுப்பதில்லை.

மனைவியும் கைக்குழந்தையும் பின்னால் வருகிறார்கள் என்று ஒருவர் துண்டு போட்டால், நாம் கோபிப்பதில்லை. ஆனால் ஒரே ஆள் ஆறு இடத்தில் ஆறு துண்டு போட்டுவிட்டு, "இடத்துக்குப் பத்து ரூபாய் கொடு, எடுத்துக் கொள்கிறேன்" என்று சொன்னால்? பஸ் இரண்டுபட்டுப் போகும்!

இந்தத் துண்டுத் தகராறு இன்றைக்கு உலகம் முழுவதும் நடக்கிறது. பஸ்ஸில் அல்ல, இன்டர்நெட்டில். கோடி கோடியாகப் பணம் புரளும் கம்பெனிகள் எல்லாம் இதற்காகக் கோர்ட்டுப் படி ஏறியிருக்கின்றன. அதில் ஒரு வழக்கு, நம் ஒரகடத்தில் கார் செய்யும் பெயரோடு சம்பந்தப்பட்டது. நமக்கு என்ன என்று தள்ளிவிடாதீர்கள். கடைசியில் இது நம் வீட்டு வாசலுக்கும் வந்து சேருகிறது.

பெயரும் முகவரியும்

செல்போனில் ஒரு கம்பெனியின் பெயரைத் தட்டி, பக்கத்தில் "டாட் காம்" என்றோ "டாட் இன்" என்றோ போட்டால், அந்தக் கம்பெனியின் பக்கம் திறக்கிறது. இந்தப் பெயர்தான் இணைய முகவரி. "டொமைன்" என்று சொல்லுவார்கள். உண்மையில் கம்ப்யூட்டர்களுக்கு இருப்பது எண்தான். அந்த நீளமான எண்ணை யார் ஞாபகம் வைத்துக்கொள்வது? அதற்காகத்தான் பெயர்.

இந்தப் பெயரை வாங்குவது மிகவும் சுலபம். பதிவு செய்து கொடுப்பதற்கென்றே கம்பெனிகள் இருக்கின்றன. வருடத்துக்குச் சில நூறு ரூபாயோ, ஆயிரத்துச் சொச்சமோ கட்டினால் போதும். முதலில் கேட்டவருக்குப் பெயர். "இந்தப் பெயருக்கும் உனக்கும் என்ன உறவு?" என்று கேட்டுவிட்டுக் கொடுப்பதில்லை.

ஊரில் பத்து முருகன் ஸ்டோர் இருக்கலாம். ஆனால் உலகத்துக்கே "முருகன் ஸ்டோர் டாட் காம்" ஒன்றுதான் இருக்க முடியும். வம்பு இங்கேதான் ஆரம்பிக்கிறது.

நிலத்தைப் பற்றி ஒரகடம், வல்லம், இருங்காட்டுக்கோட்டை பக்கத்துக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பட்டா என்றால் என்ன, வில்லங்கம் என்றால் என்ன என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். தொழிற்சாலை வரப்போகிறது என்று மோப்பம் பிடித்து, முன்கூட்டியே நிலத்தை வளைத்தவர்களையும் பார்த்திருக்கிறார்கள். இணைய முகவரியும் அப்படித்தான். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. இது பட்டா அல்ல, குத்தகை. கெடு தவறினால் பெயர் கையை விட்டுப் போய்விடும். அடுத்தவர் எடுத்துக் கொள்ளுவார்.

ஒரகடத்துக் காரும் அமெரிக்கக் கடைக்காரரும்

ஒரகடத்தில் ரெனோ, நிசான் என்ற இரண்டு கம்பெனிகள் சேர்ந்து 2010-ம் ஆண்டில் கார் தொழிற்சாலை திறந்தன. 2025-ம் ஆண்டில் நிசானின் பங்கை ரெனோ வாங்கிக் கொண்டது. நிசான், ஜப்பான் கம்பெனி. உலகமெல்லாம் தெரிந்த பெயர்.

அப்படியானால் "நிசான் டாட் காம்" யாருடையது? கார் கம்பெனியுடையது என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை!

அமெரிக்காவில் வடக்குக் கரோலினா மாநிலத்தில் ஊசி நிசான் என்று ஒருவர் இருந்தார். இஸ்ரேலிலிருந்து குடியேறியவர். நிசான் என்பது அவருடைய குடும்பப் பெயர். யூதர்களின் பஞ்சாங்கத்தில் ஒரு மாதத்துக்கும் அதுதான் பெயர். நம் ஊரில் சித்திரை என்று பெயர் வைப்பதில்லையா, அதைப் போல.

அவர் 1980-ம் ஆண்டில் தன் குடும்பப் பெயரிலேயே கார் ரிப்பேர் தொழில் தொடங்கினார். அப்போது ஜப்பான் கம்பெனி அமெரிக்காவில் தன் கார்களை "டாட்சன்" என்ற பெயரில்தான் விற்றுக் கொண்டிருந்தது. பிறகு 1991-ல் அவர் கம்ப்யூட்டர் கம்பெனி ஆரம்பித்தார். அதற்கும் நிசான் என்றே பெயர். 1994-ல் "நிசான் டாட் காம்" என்ற முகவரியைப் பதிவு செய்தார். இன்டர்நெட் என்றால் என்னவென்று பெரிய கம்பெனிகளுக்கே சரியாகத் தெரியாத காலம் அது.

ஐந்து வருடம் கழிந்தது. 1999 டிசம்பரில் கார் கம்பெனி அவர் மேல் வழக்குப் போட்டது. கேட்ட நஷ்டஈடு எவ்வளவு தெரியுமா? ஒரு கோடி டாலர்!

கார் கம்பெனியின் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது. கார் வாங்க நினைத்து அந்த முகவரிக்கு வருகிறவர்கள் ஏமாறுகிறார்கள் என்றது. அவர் தன் பக்கத்தில் கார் சம்பந்தமான விளம்பரங்களையும் கொஞ்ச நாள் போட்டிருந்தார். அது அவருக்குப் பாதகமாயிற்று. கார் விளம்பரம் போடக்கூடாது என்று கோர்ட்டு சொன்னது. 2002-ல் ஒரு கட்டத்தில், அந்த முகவரியில் வியாபாரமே செய்யக்கூடாது என்றும் உத்தரவாயிற்று. அவர் விடவில்லை, அப்பீல் போனார். 2004-ம் ஆண்டில் மேல்கோர்ட்டு, கார் விளம்பரம் தப்பு, மற்ற விளம்பரம் தப்பில்லை என்று பிரித்துச் சொன்னது. வழக்கு மறுபடியும் கீழ்க்கோர்ட்டுக்குப் போயிற்று. இப்படியே சுமார் எட்டு வருடம்! கடைசியில் பெயர் அவரிடமே நின்றது. 2020-ல் கொரோனாவில் அவர் இறந்தார். அதுவரையிலும் கார் கம்பெனிக்கு அந்த முகவரி கிடைக்கவே இல்லை.

ஜெயித்தாரே, சந்தோஷம்தானே என்று கேட்கலாம். வக்கீல் பீசுக்கே லட்சக்கணக்கான டாலர் கரைந்தது. தன் அப்பன் பாட்டன் பெயர் தன்னுடையது என்று நிரூபிக்க ஒரு மனிதன் எட்டு வருடம் கோர்ட்டில் நிற்க வேண்டியிருந்தது. இதில் யார் ஜெயித்தது என்று எனக்கு விளங்கவில்லை.

அவரைத் துண்டு போட்டு இடம் பிடித்தவர் என்று சொல்ல முடியுமா? முடியாது. அவர் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பெரிய மனிதர் ஒருவர் பிறகு அந்தத் தெருவுக்கு வந்து, "இந்தத் திண்ணை எனக்குத்தான் பொருத்தம்" என்றார். அவ்வளவுதான்.

நம் நாட்டில்

இதற்கு நேர்மாறான வழக்குகளும் உண்டு. நம் நாட்டில் 1999-ம் ஆண்டிலேயே டெல்லி ஐகோர்ட்டு ஒரு வழக்கைக் கண்டது. "யாகூ" என்ற அமெரிக்கக் கம்பெனியின் பெயரோடு "இந்தியா" என்று சேர்த்து ஒருவர் முகவரி வாங்கி, அதே மாதிரி தொழில் நடத்தினார். கூடாது என்று கோர்ட்டு தடுத்தது. அதே ஆண்டில் பம்பாய் ஐகோர்ட்டில் "ரெடிஃப்" கம்பெனி வழக்குப் போட்டது. எதிராளி ஒரே ஓர் எழுத்தை மாற்றி "ராடிஃப்" என்று வைத்திருந்தார். கோர்ட்டு அதையும் தடுத்தது.

எல்லாவற்றிலும் முக்கியமானது சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போன வழக்கு. அது நம் சென்னைக் கம்பெனியின் வழக்கு. சத்யம் இன்ஃபோவே என்ற கம்பெனி, தன் பெயரிலிருந்து எழுத்துகளை எடுத்து "சிஃபி" என்று ஒரு புதுப் பெயரை உண்டாக்கி நடத்தி வந்தது. பெங்களூரில் இன்னொரு கம்பெனி கிட்டத்தட்ட அதே ஓசையில் "சிஃபிநெட்" என்று முகவரி வாங்கியது. கேட்டதற்கு என்ன பதில் சொன்னார்கள் தெரியுமா? "எங்கள் கம்பெனியை ஆரம்பித்தவர்கள் ஐந்து பேர். அவர்கள் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்தோம். இப்படி வந்தது!" கோர்ட்டு அதை ஏற்றுக்கொள்ளவில்லை.

2004-ம் ஆண்டு மே மாதம் தீர்ப்பு வந்தது. இணைய முகவரி வெறும் முகவரி அல்ல, அது வியாபாரப் பெயரைப் போன்றது என்று சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. இதற்கென்று தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லாவிட்டாலும், ஒருவர் சரக்கை இன்னொருவர் சரக்கு என்று ஏமாற்றி விற்பதைத் தடுக்கும் பழைய நியாயமே இதற்கும் போதும் என்றது. எனக்கு இந்தத் தீர்ப்பு பிடிக்கிறது. போலி பிராண்டு சோப்பை விற்பவனைப் பிடிக்க என்ன நியாயமோ, அதே நியாயம்.

கோர்ட்டுக்குப் போகாமல் தீர்த்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. "டாட் காம்" போன்ற முகவரிகளுக்கு 1999-ல் உலக அளவில் ஒரு விதி வந்தது. நம் "டாட் இன்" முகவரிகளுக்கும் பஞ்சாயத்து முறை உண்டு. நடுவர் முக்கியமாக மூன்று கேள்வி கேட்கிறார். இந்த முகவரி மற்றவருடைய பெயரைப் போலவே இருக்கிறதா? வாங்கியவருக்கு அந்தப் பெயரில் ஏதாவது உரிமை உண்டா? கெட்ட எண்ணத்தோடு செய்தாரா? இந்த மூன்றாவது கேள்விதான் உயிர்நாடி. பஸ்ஸில் துண்டு போட்டவரையும் நாம் அதைத்தானே கேட்கிறோம்?

ஒரு சின்ன வேடிக்கை. கேரளத்தில் கொச்சிக் கல்லூரி மாணவர் ஒருவர், ஃபேஸ்புக் முதலாளியின் குழந்தை பெயரில் ஒரு முகவரியைப் பதிவு செய்து வைத்திருந்தார். 2016-ம் ஆண்டில் ஃபேஸ்புக் தரப்பு அதை 700 டாலர் கொடுத்து வாங்கிக் கொண்டதாகப் பத்திரிகைகளில் வந்தது. இது தப்பா, சாமர்த்தியமா? பையன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் இதையே தொழிலாக வைத்துக்கொண்டு, நூற்றுக்கணக்கான பெயர்களை வளைத்துப் போட்டுக் காத்திருக்கிறவர்களைப் பார்த்தால் கோபம் வருகிறது. அவர்கள் ஒரு பொருளையும் உண்டாக்கவில்லை. வழியில் கயிறு கட்டிச் சுங்கம் வாங்குகிறார்கள்.

ஏமாந்த பையன்

பெரிய கம்பெனிகள் எப்படியாவது பிழைத்துக்கொள்ளும். என் கவலை அவர்களைப் பற்றி அல்ல.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் வாலாஜாபாத் பக்கத்தில் இருக்கிறது. பையன் ஐ.டி.ஐ. படித்தவன். செல்போனில் ஒரு விளம்பரம் பார்த்தான். பெரிய தொழிற்சாலை ஒன்றின் பெயர். பக்கத்தில் சின்னக் கோடு போட்டு "வேலை" என்று இருந்தது. திறந்து பார்த்தான். கம்பெனியின் சின்னம், கட்டடத்தின் படம், எல்லாம் அசல் போலவே இருந்தன. விண்ணப்பம் போட்டான். இரண்டு நாளில் நியமன உத்தரவு வந்தது. யூனிபாரத்துக்கும் டெபாசிட்டுக்கும் என்று 12,500 ரூபாய் கட்டச் சொன்னார்கள். அம்மா கம்மலை அடகு வைத்தார்.

குறிப்பிட்ட நாளில் பையன் காலை ஆறு மணிக்கே கேட்டில் போய் நின்றான். காவலாளி தாளை வாங்கிப் பார்த்தார். "தம்பி, இந்த மாதத்தில் நீ நாலாவது ஆள்" என்றார்.

கம்மல் இன்னும் மீளவில்லை.

நிசான் வழக்கில் கோடி டாலருக்குச் சண்டை போட்டார்கள். இங்கே ஒரு கம்மல். எது பெரிய நஷ்டம் என்று அந்த அம்மாவைக் கேளுங்கள்.

ஆகவே வீட்டில் செல்போன் வைத்திருக்கும் எல்லோரும் ஒரு சங்கதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். இணைய முகவரியின் தொடக்கத்தில் இரட்டைச் சாய்கோடு இருந்தால் அதை விட்டுவிட்டு, அதற்குப் பிறகு முதலில் சாய்கோடு வரும் இடத்தைப் பாருங்கள். சாய்கோடு இல்லாவிட்டால் முகவரி முடிகிற இடம்தான். அங்கிருந்து பின்னோக்கி, வலப் பக்கத்திலிருந்து படியுங்கள். "டாட் காம்" அல்லது "டாட் இன்" என்பதற்கு ஒட்டினாற்போல் இடப் பக்கத்தில் இருக்கும் பெயர்தான் வீட்டுக்குச் சொந்தக்காரர். அதற்கும் இடப் பக்கத்தில், புள்ளி வைத்து எவ்வளவு பெரிய கம்பெனியின் பெயரைப் போட்டிருந்தாலும் அது வெறும் அறை எண்தான். நம் ஊரில் ஒருவர் "நான் கலெக்டர் வீட்டிலிருந்து வருகிறேன்" என்று சொன்னால், எந்தத் தெரு, யார் மகன் என்று விசாரிக்கிறோம் அல்லவா? அதே விசாரணைதான்.

சின்னக் கோடு போட்ட பெயரிடம் இன்னும் ஜாக்கிரதையாக இருங்கள். புள்ளி வேறு, கோடு வேறு. கோடு போட்டுச் சேர்த்தால் அது முற்றிலும் புதுப் பெயர். யார் வேண்டுமானாலும் வாங்கலாம். பையன் ஏமாந்தது அந்தக் கோட்டில்தான்.

பேங்குகளுக்கு ஒரு நல்ல காரியம் நடந்திருக்கிறது. பேங்குகளுக்கென்றே "பேங்க் டாட் இன்" என்று தனி முகவரியை ரிசர்வ் பேங்க் 2025-ல் அறிவித்து, அதே ஆண்டு அக்டோபர் முடிவுக்குள் மாறச் சொன்னது. கண்டவர்களுக்கு அது கிடைக்காது. மற்றபடி, பணம் போய்விட்டது என்று தெரிந்தால் அழுதுகொண்டு உட்காராதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால், போகிற பணத்தை வழியிலேயே நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. அந்தப் பையன் வெட்கப்பட்டுக்கொண்டு நாலு நாள் யாரிடமும் சொல்லவில்லை.

செய்யக்கூடாதா?

பேங்குக்குச் செய்ததை வேலைக்குச் செய்யக்கூடாதா? ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் தொழிற்பேட்டை அமைத்தது சிப்காட். அரசாங்க நிறுவனம். தன் பேட்டையில் இருக்கும் ஒவ்வொரு கம்பெனியின் உண்மையான முகவரியையும் ஒரே பக்கத்தில், தமிழில், போட்டுவைக்கலாம். அதற்கு என்ன பெரிய செலவாகிவிடும்?

கம்பெனிகளும் ஒன்று செய்யலாம். பல கம்பெனிகள் "வேலைக்கு நாங்கள் பணம் கேட்பதில்லை" என்று தங்கள் இணையப் பக்கத்தில் எழுதிவைத்திருக்கின்றன. நல்லதுதான். ஆனால் ஏமாறுகிறவன் அந்தப் பக்கத்துக்கே போகவில்லையே! அவன் போனது போலிப் பக்கத்துக்கு அல்லவா? அந்த எச்சரிக்கையைக் கேட்டில் பலகையாக எழுதி வையுங்கள். பஸ் நிலையத்திலும் ஐ.டி.ஐ. வாசலிலும் வையுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முகவரியை வாங்கியவர் யார் என்று முன்பெல்லாம் எவரும் பார்க்க முடிந்தது. 2018-ல் ஐரோப்பாவில் புதுச் சட்டம் வந்த பிறகு பெரும்பாலான பெயர்கள் மறைக்கப்பட்டுவிட்டன. முழுவதும் திறந்துவிட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். வீட்டில் இருந்தபடி ஊறுகாய் விற்கும் பெண்ணின் போன் நம்பரும் வீட்டு விலாசமும் உலகத்துக்கெல்லாம் எதற்கு? ஆனால் போலீசும் கோர்ட்டும் கேட்டால் ஒரே நாளில் கிடைக்க வேண்டும். திருடன் கடையை மூடிவிட்டுப் போன பிறகு பெயர் கிடைத்து என்ன பயன்?

பஞ்சாயத்துச் செலவையும் பாருங்கள். "டாட் காம்" தகராறை ஜெனீவாவில் இருக்கும் உலக அமைப்பிடம் கொண்டுபோனால், ஒரு நடுவருக்கே 1,500 டாலர் கட்ட வேண்டும். நம் பணத்தில் ஒன்றேகால் லட்சத்துக்கு மேல். கார் கம்பெனிக்கு அது டீ செலவு. கார் கம்பெனிக்கு நட்டும் போல்ட்டும் செய்து கொடுக்கும் பட்டறைக்காரருக்கு?

அப்படி ஒரு பட்டறைக்காரர் எனக்குப் பழக்கம். ஒரகடத்துக்குப் பக்கத்தில் நாலு லேத் வைத்திருக்கிறார். பன்னிரண்டு பேர் வேலை செய்கிறார்கள். போன மாதம் அவரிடம் கேட்டேன்.

"அண்ணே, உங்கள் இணைய முகவரி யார் பெயரில் இருக்கிறது?"

"என் பெயரில்தான். போர்டிலேயே போட்டிருக்கிறேனே!"

"போர்டை விடுங்கள். பதிவு செய்தது யார்? பணம் கட்டும் ரசீது யாருக்கு வருகிறது?"

யோசித்தார். ஐந்து வருடத்துக்கு முன்னால் கம்ப்யூட்டர் படித்த ஒரு பையன் எல்லாவற்றையும் செய்து கொடுத்தானாம். தன் ஈமெயிலைப் போட்டுத் தன் பெயரிலேயே வாங்கியிருக்கிறான். கெட்ட எண்ணம் இல்லை, அவசரம். முதலாளிக்கு அப்போது ஈமெயிலே கிடையாது. அந்த முகவரிக்குத்தான் ஆர்டர் எல்லாம் வருகிறது. குத்தகைக் கெடு அடுத்த மாதம்.

"நிலமாக இருந்தால் இப்படி விடுவீர்களா, அண்ணே?" என்றேன்.

"நிலமாக இருந்தால் நாலு பக்கமும் கல் நட்டிருப்பேனே, தம்பி!" என்று தலையில் கையை வைத்துக்கொண்டார்.

பையனைத் தேடினோம். கோயமுத்தூரில் வேலையில் இருக்கிறான். நல்ல பிள்ளை, கேட்டவுடனே மாற்றிக் கொடுக்கிறேன் என்றான். அன்று இரவே போன் செய்தான். பாஸ்வேர்டு அவனுக்கும் மறந்து போய்விட்டதாம்.